பிரேக் போட்டால் வருகிற சத்தம்

“கேட்டியா? இப்பக் கேட்டியா?”

குறைதீர்ப்பாளர் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“கேட்டுச்சு” என்றாள் மனைவி. “போன வாரம் அப்பாவைக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனப்பவும் கேட்டுச்சு. அன்னைக்கே மெக்கானிக்கிட்ட விடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்.”

“மெக்கானிக் எதுக்கு? பிரேக்ல சத்தம்னா காலிப்பரைக் கழட்டிப் பார்க்கணும். அவ்வளவுதான். ஒரு மணி நேர வேலை.”

வண்டியைக் கொஞ்சம் உருட்டி மறுபடி பிரேக்கை மிதித்தார். ‘கீய்ங்ங்’ என்று மெல்லிசாக, நீளமாக, பல்லைக் கூசவைக்கிற சத்தம் மறுபடி வந்தது.

பின் இருக்கையில் இடது பக்கம் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் சாய்ந்து கன்னத்துக்குக் கை கொடுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய பெட்டி. வண்டி ஏன் நின்றது என்று அவர் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க நெசவாலைத் தறிகளுக்கு நடுவே வேலை பார்த்தவர். அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருடைய காதுகள் ஓய்வு பெற்றுவிட்டன.

“மாமா! வண்டி ரிப்பேர்! வீட்டுக்குத் திரும்பறோம்!” என்று குறைதீர்ப்பாளர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“ஆங்?” என்றார் மாமனார்.

“செவிடன் காதுல சங்கு ஊதின கதைதான்” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வண்டியைத் திருப்பினார்.

குறைதீர்ப்பாளர் என்பது அவருடைய உத்தியோகம். வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர் குறை கேட்கும் பிரிவுக்குத் தலைவர். கட்டில் ஆடுகிறது, அலமாரிக் கதவு மூடவில்லை என்று நாள் முழுக்க யாராவது வந்து புலம்பிக்கொண்டே இருப்பார்கள். அத்தனை வருட அனுபவத்தில், ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்காமல் முகம் நிறைய அக்கறையோடு தலையாட்டும் கலையில் அவர் கரை கண்டிருந்தார். சிறந்த செவிமடுப்புக்காகக் கம்பெனி அவருக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்திருக்கிறது. அதை வரவேற்பறையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்.

இன்றைக்கு அவருக்கு இருந்த அவசரத்தைச் சொல்லிவிட வேண்டும். மாமனாரை வைத்துக்கொள்வது பற்றி அவருக்கும் அவருடைய மச்சானுக்கும், அதாவது மனைவியின் தம்பிக்கும், ஓர் ஒப்பந்தம் இருந்தது. மூன்று மாதம் இங்கே, மூன்று மாதம் அங்கே. போன தடவை மச்சான், ஏதோ சாக்குச் சொல்லிக் குறித்த நாளைக்கு இரண்டு நாள் முன்னாலேயே மாமனாரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். குறைதீர்ப்பாளர் கொதித்துப்போய், ‘இனிமேல் கைமாறுகிற நாளைத் தவிர வேறு நாளில் கொண்டுவரக் கூடாது; அன்றைக்கு இருட்டுவதற்குள் கொண்டுபோய் விடாதவர் அடுத்த மூன்று மாதத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும்’ என்று புது விதி போட்டார். மச்சான் உடனே சம்மதித்தான். இந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் மாமனாரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டுதான் நடந்தது. அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கைமாறும் நாள் இன்றுதான். இருட்டுவதற்குள் மாமனார் மச்சான் வீட்டில் இருந்தாக வேண்டும். மச்சான் வீடோ ஊருக்கு வெளியே குன்றின் மேல். ஏறுவதற்கு இன்ஜின் போதும். இறங்குவதற்குப் பிரேக் வேண்டும்.

“வாடகை வண்டி ஒண்ணு கூப்பிட்டு அனுப்பிடலாமே” என்றாள் மனைவி, வீட்டு வாசலில் இறங்கியபடி.

“யாரு, நானா? இவ்வளவு பெரிய வண்டியை வாசல்ல நிறுத்திட்டு வாடகை வண்டியிலயா? உன் தம்பி சிரிக்கறது மலையடிவாரம் வரைக்கும் கேக்கும்.”

குடும்பத்தோடு ஊர் சுற்றத்தான் அந்த ஏழு பேர் உட்காரும் வண்டியை வாங்கினார்கள். மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். மாமனாரை ஏற்றவும் இறக்கவும் மட்டுமே வண்டி பயன்பட்டுக்கொண்டிருந்தது.

குறைதீர்ப்பாளர் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அரைக்கால் சட்டைக்கு மாறினார். காலிப்பரைக் கழற்றுவது எப்படி என்று அவர் ஏற்கெனவே ஏழெட்டு வீடியோ பார்த்திருந்தார். எல்லாம் ஆபீஸ் மீட்டிங் நேரத்தில் மேஜைக்கு அடியில் வைத்துப் பார்த்தது. அதனால் எல்லாவற்றையும் சத்தத்தை அணைத்துவிட்டே பார்த்திருந்தார். கை எங்கே போகிறது என்று தெரிந்தால் போதாதா, வாய் என்ன சொன்னால் என்ன என்பது அவர் கட்சி.

மாமனாரை வாசல் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு இன்ஜினியர் தெருவைத் தாண்டி வந்தார். தண்ணீர்த் தொட்டி கட்டுவதில் கெட்டிக்காரர். வண்டிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எந்த இயந்திரம் திறந்து கிடந்தாலும் நாலு வார்த்தை சொல்லாமல் அவரால் தாண்டிப் போக முடியாது.

“எடுத்த உடனே கழட்டாதீங்க சார்” என்றார். “சத்தம் எப்ப வருது, எப்ப வரலைன்னு முதல்ல சோதனை பண்ணணும். ஒரு முறை இருக்கு இல்ல?”

இருவரும் ஏறித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். பத்து இடத்தில் பிரேக் போட்டார் குறைதீர்ப்பாளர். சத்தமே இல்லை. மனைவியையும் ஏற்றிக்கொண்டு சுற்றினார்கள். இல்லை. மாமனாரைக் கையைப் பிடித்து ஏற்றி, அவருடைய இடத்தில் உட்கார வைத்து, தெருமுனையில் ஒரு மிதி மிதித்தார்.

‘கீய்ங்ங்.’

“ஆகா!” என்றார் இன்ஜினியர். “லோடு சார்! பின்னாடி இடது பக்கம் லோடு ஏறினாத்தான் கத்துது. பெரியவர் என்ன எடை இருப்பாரு?”

“தெரியலையே.”

“சிமெண்ட் மூட்டைக் கணக்குல சொல்லுங்க.”

குறைதீர்ப்பாளர் மாமனாரை மேலும் கீழும் பார்த்தார். “ஒண்ணு. ஒண்ணேகால்னு வெச்சுக்குங்க.”

இன்ஜினியர் தன் வீட்டிலிருந்து ஒரு முழு மூட்டையும் ஒரு கால் மூட்டையும் கொண்டுவந்து மாமனார் இடத்தில் வைத்தார். முறைப்படி சீட் பெல்ட்டும் போட்டார். மறுபடி சுற்றினார்கள். சத்தம் இல்லை. கால் மூட்டைதான் வளைவில் சரிந்து இருக்கை முழுக்கக் கொட்டியது.

மூட்டையை இறக்கிவிட்டு மறுபடி மாமனாரை ஏற்றினார்கள். சத்தம் வந்தது.

குறைதீர்ப்பாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்துச் சிரித்தபடியே இன்ஜினியரிடம் சொன்னார்: “நான், இவ, நீங்க, சிமெண்ட் யார் ஏறினாலும் சும்மா இருக்கு. இவர் ஏறினாத்தான் கத்துது. இந்த வண்டிக்கே இவரைப் பிடிக்கலை சார்.”

“என்னங்க! அப்பா எதிர்லயே...” என்றாள் மனைவி.

“சிரிச்சுக்கிட்டே சொன்னா அவருக்கு எதுவும் தெரியாது. பாரு.” திரும்பி, “என்ன மாமா, சௌகரியமா இருக்கா?” என்று கத்தினார்.

“ஆங்? ஆமா, நல்ல வெயில்” என்றார் மாமனார்.

“பாவம், விவரம் தெரியாத மனுஷர்” என்றார் இன்ஜினியர்.

மாமனாரின் சட்டையெல்லாம் சிமெண்ட். மனைவி அவரை இறக்கித் தட்டிவிட்டு, இருக்கையைச் சுத்தமாக ஈரத் துணியால் துடைத்தாள். சிமெண்ட் தன் குணத்தைக் காட்டாமல் இருக்குமா? கொஞ்ச நேரத்தில் இருக்கையின் ஓரமெல்லாம் இறுக ஆரம்பித்தது. இன்ஜினியர் தொட்டுப் பார்த்து, நல்ல சரக்கு என்றார்.

அடுத்து, எந்தச் சக்கரம் என்ற கேள்வி வந்தது. பிரேக் போடும்போது பாரமெல்லாம் முன்னால் பாயும். பின் இடது பக்கம் உட்கார்ந்தவருடைய பாரம் முன் இடது சக்கரத்தில்தான் வந்து விழும் என்று இன்ஜினியர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டு நிரூபித்தார். குறைதீர்ப்பாளர் அக்கறையோடு தலையாட்டினார்.

ஆபீஸ் குலுக்கலில் விழுந்து, இதுவரை திறக்காத ஸ்பேனர் பெட்டியைத் திறந்தார்கள். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார்கள். ஜாக்கியை நம்ப முடியாது என்று இன்ஜினியர் எட்டுச் செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தார். ரசமட்டம் வைத்துச் சரியும் பார்த்தார். சக்கரத்தின் நட்டு மட்டும் அசையவில்லை. வீல் ஸ்பேனர் மேல் குறைதீர்ப்பாளர் ஏறி நின்றார். பிறகு குதித்தார். சக்கரம்தான் காற்றில் சுழன்றதே தவிர நட்டு அசையவில்லை.

“தூக்கறதுக்கு முன்னாடியே நட்டை லூஸ் பண்ணணுமோ?” என்றாள் மனைவி.

“உனக்கு என்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டு, செங்கல்லைக் கலைத்து, வண்டியை இறக்கி, நட்டைத் தளர்த்தி, மறுபடி தூக்கினார்கள். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

சக்கரத்தைக் கழற்றியதும் பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு தெரிந்தது. அதன் ஒரு ஓரத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, கை அகலத்தில், அழுக்காக ஓர் உருப்படி.

“இதுதான் காலிப்பர்” என்றார் குறைதீர்ப்பாளர், பரம்பரைச் சொத்தைக் காட்டுகிறவர் மாதிரி. “பிரேக்கை மிதிச்சா உள்ள இருக்கற பிஸ்டன் தள்ளும். ரெண்டு பக்கமும் இருக்கற பேடு போய்த் தட்டைப் பிடிக்கும். பேடு தேஞ்சுட்டா இரும்பும் இரும்பும் உரசிக் கத்தும்.”

“அப்ப பேடு தேஞ்சிருக்கும்” என்றார் இன்ஜினியர்.

காலிப்பரைக் கழற்றி, துணி காயப்போடும் கயிற்றால் வண்டியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டார்கள். பேடை எடுத்து வெயிலில் நீட்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் இருந்தது. தட்டில் ஒரு கீறல் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்ததும் குறைதீர்ப்பாளருக்கு ஏமாற்றமாகிவிட்டது. குறை இல்லாத இடத்தில் அவருக்கு என்ன வேலை?

அந்த நேரத்தில் மச்சான் போன் பண்ணினான். கையெல்லாம் கிரீஸ் என்பதால் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“என்ன அத்தான், கிளம்பியாச்சா?”

“சின்ன ரிப்பேர். கொஞ்சம் முன்னப்பின்ன ஆகலாம். நாளைக்குக் காலையில கொண்டுவந்து விட்டா...”

“ஆங், அதெல்லாம் கிடையாது. இருட்டறதுக்குள்ளன்னு விதி போட்டது நீங்க. இருட்டிருச்சுன்னா அப்பா உங்களுக்கு. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல.” சிரித்தான். “போன தடவை நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஒரு விஷயத்தை மூணு தடவை கத்தினா இவளுக்குத் தொண்டை கட்டிக்குது. கடைசியில அவரை மாடி ரூம்ல போட்டுட்டோம். வேளாவேளைக்குத் தட்டைக் கதவுகிட்ட வெச்சுட்டு வந்துருவோம். ஒரு பேச்சு கிடையாது. வீடே நிம்மதியாச்சு. நீங்களும் அப்படிப் பண்ணிப் பாருங்களேன்.”

மனைவி போனை அணைத்தாள். முகம் சிவந்துவிட்டது. மாமனார் செய்தித்தாளை மடித்து, மறுபடி விரித்து, அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தியா உன் தம்பியை?” என்றார் குறைதீர்ப்பாளர். “பெத்த அப்பனுக்கு நாய்க்கு வைக்கற மாதிரி தட்டு வைக்கறான். என்னை என்னமோ சொல்றியே. நானாவது பக்கத்துல உக்கார வெச்சுத்தான் திட்டறேன்.”

“அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கலாம்னு நானும் ரெண்டு வருஷமாச் சொல்றேன். நீங்களும் கேக்கலை, அவனும் கேக்கலை.”

“எதுக்கு? கேக்காம இருக்கறதுதான் அவருக்கு நிம்மதி. நமக்கும்தான்.” குரலை இறக்காமலே இன்ஜினியரிடம் திரும்பினார். “என் படிக்கிற ரூமைத்தான் சார் அவருக்குக் கொடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திட்டுப் படுத்து மூணு மாசம் ஆச்சு. இன்னைக்கு இவரை இறக்கி விட்டுட்டு வந்து முதல் வேலையா அந்தக் கட்டில்ல விழப்போறேன்.”

அந்தக் கட்டிலை நினைத்தபோது அவருக்குக் கண்ணே கலங்கியது. அவர் கெட்டவர் இல்லை. தூக்கம் கெட்டவர்.

“பேடு நல்லா இருக்குன்னா பிஸ்டன் ஒட்டிக்கிட்டு இருக்கும்” என்று இன்ஜினியர் அவரை வேலைக்குத் திருப்பினார். “வேலை செய்யுதான்னு எப்படிப் பார்க்கறது?”

“சுலபம். வீடியோவுல பார்த்தேன். ஒருத்தன் வண்டிக்குள்ள ஏறிப் பிரேக்கை மிதிக்கறான், பிஸ்டன் அப்படியே வெளியில நகருது. வீடியோ முழுக்க அந்த இடத்தைத்தான் சிவப்பு வட்டம் போட்டுப் போட்டுக் காட்டினாங்க. ரொம்ப முக்கியமான கட்டம் போல.” மனைவியைப் பார்த்தார். “நீ ஏறி உக்காரு. நான் சொல்லும்போது மிதி.”

மனைவி ஏறினாள். குறைதீர்ப்பாளர் காலிப்பருக்கு நேர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இன்ஜினியர் அவர் தோளுக்கு மேலே குனிந்தார்.

“மிதி!”

பிஸ்டன் கொஞ்சம் வெளியே வந்தது.

“வருது சார், வருது!” என்றார் இன்ஜினியர்.

“மறுபடியும் மிதி!”

இன்னும் கொஞ்சம் வந்தது. அந்தச் சமயத்தில் வாசலில் இருந்த மாமனார் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

“வெயில் அவர் பக்கம் வந்துருச்சு போல” என்றார் குறைதீர்ப்பாளர். “ம், நல்லா அழுத்தி மிதி!”

மனைவிக்குக் காலையிலிருந்து இருந்த கோபமெல்லாம் காலுக்கு வந்திருக்க வேண்டும். பிஸ்டன் ‘டப்’ என்று கழன்று விழுந்தது. பின்னாலேயே பிரேக் ஆயில் பீச்சியடித்தது. குறைதீர்ப்பாளரின் முகம், இன்ஜினியரின் மூக்குக் கண்ணாடி, வண்டியின் முன் பக்கம், மாமனார் நாற்காலி போன நிமிடம் வரை இருந்த இடம், எல்லாம் நனைந்தது.

“போதும்! போதும்!”

“நீங்கதானே மிதிக்கச் சொன்னீங்க?” என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று குறைதீர்ப்பாளருக்குத் தோன்றியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனில் அந்த வீடியோவைப் போட்டு, முதல் முறையாகச் சத்தத்தையும் வைத்தார்.

சிவப்பு வட்டம் வந்தது. கூடவே ஒரு குரலும் வந்தது: “நண்பர்களே, திரும்பத் திரும்பச் சொல்றேன். காலிப்பர் கழட்டியிருக்கும்போது தயவுசெய்து பிரேக்கை மட்டும் மிதிச்சுராதீங்க. மிதிச்சா என்ன ஆகும்னு பாருங்க!”

இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தன் வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைவு வந்தவராகத் தெருவைத் தாண்டிப் போய்விட்டார். போகும்போது முழுச் சிமெண்ட் மூட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். செங்கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆயில் பட்ட இடத்தில் வண்டியின் பெயிண்ட் குமிழ் விட ஆரம்பித்தது. மனைவி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குக்கும் பெயிண்ட் உரிந்துவிட்டது.

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வாடகை வண்டிக்குப் போன் போட்டார் குறைதீர்ப்பாளர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் குன்றுக்கு வந்தால் காலியாகத்தான் திரும்ப வேண்டும், முடியாது என்று மூன்று பேர் சொன்னார்கள். நாலாவது ஆள் போனையே எடுக்கவில்லை. கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். குடும்பத்தோடு வெளியே இருக்கிறேன், திரும்பும்போது வருகிறேன் என்றார் அவர்.

மெக்கானிக் வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. செங்கல் அடுக்கையும் துணிக்கயிற்றையும் பார்த்தார். இருக்கையில் இறுகிக் கிடந்த சிமெண்ட்டையும் பார்த்தார்.

“என்ன சார், வண்டிக்கு வீடு கட்டறீங்களா?”

“சத்தம் வந்துச்சு. அதான் பார்த்தேன்” என்றார் குறைதீர்ப்பாளர். “சீக்கிரம் முடிங்க. இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும். வாழ்வா சாவாங்கற பிரச்சினை.”

மெக்கானிக் பிஸ்டனைத் துடைத்து, ரப்பர் மாற்றி, உள்ளே தள்ளி, காலிப்பரைப் பூட்டி, ஆயில் ஊற்றி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். குறைதீர்ப்பாளர் வானத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

“பிரேக் கச்சிதமா இருக்கு சார். முன்னாடியும் நல்லாத்தான் இருந்திருக்கும். சத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“நிச்சயமா?”

“எனக்குக் காது நல்லாக் கேக்கும் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. குன்றுக்கு அரை மணி நேரம். வேகமாக விட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம். குறைதீர்ப்பாளர் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே ஏறி உட்கார்ந்தார். மனைவி, மாமனாரின் இடத்தில் பழைய போர்வையை மடித்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பெட்டியும் ஏறியது.

“மாமா, கிளம்பறோம்! மகன் வீட்டுக்கு!”

“ஆங்?”

“மகன்! வீட்டுக்கு!”

“ஓ” என்றார் மாமனார். கன்னத்துக்குக் கை கொடுத்து ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார்.

தெருமுனை வந்தது. குறைதீர்ப்பாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மெல்ல மிதித்தார். சத்தம் இல்லை. அவர் முகம் மலர்ந்தது. பெரிய சாலையில் ஏறினார்கள். முதல் சிக்னல் சிவப்பானது. மிதித்தார்.

‘கீய்ங்ங்ங்.’

காலையில் வந்ததைவிட இப்போது நீளமாக வந்தது.

“ஐயோ!” என்றாள் மனைவி. “அதே சத்தம்!”

“மெக்கானிக் நல்லா இருக்குன்னானே...”

“நீங்க கை வைக்கறதுக்கு முன்னாடி வெறும் சத்தம்தான் இருந்துச்சு. இப்ப கை வேற வெச்சிருக்கீங்க. திருப்புங்க வண்டியை.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு...”

“அப்பாவை மேல ஏத்தி விட்டுட்டு இறங்கி வரப்போறது யாரு? நாம ரெண்டு பேரும்தானே? பள்ளத்துல உருண்டா உங்க ரூமும் காலியாத்தான் இருக்கும், ஆனா படுக்க நீங்க இருக்க மாட்டீங்க. திருப்புங்க!”

குறைதீர்ப்பாளர் தூரத்தில் தெரிந்த குன்றைப் பார்த்தார். அதன் மேல் மச்சான் வீட்டு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. இன்னொரு முறை மிதித்துப் பார்த்தார். இன்னொரு முறை கத்தியது. அழாத குறையாக வண்டியைத் திருப்பினார்.

வரும் வழியில் மனைவி தம்பிக்குப் போன் பண்ணினாள். “இருட்டிருச்சுடா. அப்பா எங்ககூடவே இருக்கட்டும்” என்றாள். அந்தப் பக்கம் மச்சான் சிரித்தது, ஸ்பீக்கர் போடாமலே எல்லாருக்கும் கேட்டது.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு விளக்குப் போட உள்ளே போனாள். குறைதீர்ப்பாளர் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் போட்ட விதி, அவர் கழற்றிய காலிப்பர், அவர் கனவு கண்ட தூக்கம். இன்னும் மூன்று மாதம்.

‘கீய்ங்ங்.’

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வண்டி நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடவில்லை. கால் பிரேக்கில் இல்லை.

‘கீய்ங்ங்’ என்றது மறுபடி.

கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தார். மாமனார் உள்ளங்கையால் இடது காதைப் பொத்தியிருந்தார். கையை எடுத்தார், சத்தம் நின்றது. பொத்தினார், வந்தது. பிறகு காதுக்குள்ளிருந்து பட்டாணி அளவில் ஏதோ ஒன்றை எடுத்து, கைக்குட்டையால் சிமெண்ட் தூசியைத் துடைத்து, பத்திரமாகத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டார்.

மாமனார் முன்னால் குனிந்து, அவர் தோளில் கை வைத்து, கத்தாமல், மெல்லிய குரலில் சொன்னார்:

“இந்த மெஷினை வாங்கி ஆறு மாசம் ஆச்சு மாப்பிள்ளை, அங்க மூணு மாசம் கேட்டேன், இங்க மூணு மாசம் கேட்டேன்... ரெண்டுல உங்க திட்டுதான் பரவாயில்ல.”